நாலாவது டக்

என் பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டான். அதே பதினோரு வாரத்தில் எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் ஓர் அறை கட்டி, பூசி, வெள்ளையடித்து, அதில் வாடகைக்கு ஆளும் வைத்துவிட்டார். இவன் அப்போதும் பெட்டிக்குள் எந்த விசிறி போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபீஸ் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாடுகிற கம்ப்யூட்டர். வாங்குகிறவனுக்கு வயசு நாற்பத்து நான்கு, காதோரம் நரை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நடந்ததில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

வீட்டில் இவனுக்குத் தராசு என்று பட்டப்பெயர். இவன் அப்பா வைத்தது. பள்ளிக்கூடம் போகிற வயசில் செருப்பு வாங்கக் கூட்டிப்போனோம். கறுப்பை ஒரு கையிலும் பழுப்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, ஒன்றைத் தூக்குவதும் மற்றதை இறக்குவதுமாக நின்றான். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். நாங்கள் குனிந்து வெளியே வந்தோம், அவன் காலில் பழைய செருப்போடு. பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் உடனே சரி என்று சொன்னான். அது எப்படி என்று என் மருமகள் இன்றுவரை சந்தேகமாகத்தான் கேட்கிறாள்.

ஆனால் வேலையில் அப்படி இல்லையாம். இவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம். மோட்டார் ரூமுக்குள் காலை வைத்ததுமே, ஓடுகிற சத்தத்தைக் கேட்டு எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இவன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. அடம் பிடிக்கிறதைத் தள்ளாதே. கதவோ திருகோ வரமாட்டேன் என்றால், ஏன் என்று பார், பலத்தைக் காட்டாதே.

அதை ஒருநாள் இவனே மீறினான். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு டீச்சரம்மா மூச்சு முட்டுகிறது என்று அழுதுகொண்டிருந்தார்கள். கதவு நகரவில்லை. இவன் தள்ளினான். அடம் பிடித்த கதவு திடீரென்று ஓடிவந்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கின. அந்த அம்மா சௌக்கியமாக இறங்கி வீட்டுக்குப் போனார்கள். இவன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

விரல்கள் இருக்கின்றன, அதுவே பெரிய விஷயம் என்றார் டாக்டர். பாதிதான் மடங்கும். நுனியில் உணர்ச்சி இல்லை. சூடான டம்ளரை எடுத்துக்கொண்டு பேசாமல் நிற்பான், நாம்தான் பதறிப்போய் வாங்கவேண்டும்.

கையை வசப்படுத்தச் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் போய்வந்தான். அவள் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இவன் அதை என் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு மறந்துபோனான். அப்போதுதான் அந்தப் புண்ணியவதி, பந்து பிடிக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரில் ஏதாவது விளையாடுங்கள், விரலுக்கு நல்லது என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்குப் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி.

இவனுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிற விளையாட்டு வேண்டும். அதில் என்ன இருக்கிறது, ஓட்டிவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கடைக்குப் போனால் பெட்டி இருக்கும், காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படி இல்லையாம். பாகங்களைக் கடையிலேயே பூட்டித் தருகிற பெட்டி ஒரு ரகம், பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது ஒரு ரகம். பூட்டிய பெட்டியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கியாரண்டி, ஒரே ஆள் பொறுப்பு. நாமே பூட்டினால் உள்ளே என்ன போகிறது என்று நமக்குத் தெரியும், பின்னால் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். இதை எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் மனப்பாடமாகத் தெரியும். நான் காய் நறுக்கும்போது சொன்னான், துணி மடிக்கும்போது சொன்னான், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடச் சொன்னான். மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக எழுதிச் சுவரில் ஒட்டினான், அதுவும் இடது கையால், கோணல்மாணலாக. சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருந்த தாத்தா படம் இறங்கி, அந்த இடத்தில் விசிறிகளின் ஜாதகம் ஏறியது.

மருமகளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். பெரிய கடையில் வாஷிங் மெஷின் விற்கிறான். வாய் ஓயாது. ரெடிமேட்தான் வாங்கவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

"மாமா, வாஷிங் மெஷினை யாராவது வீட்ல உக்காந்து பூட்டிக்கிறாங்களா? தொட்டி ஒரு கடை, மோட்டார் ஒரு கடைன்னு அலையறாங்களா? அது மாதிரிதான் இதுவும். சொருகினோமா, லாரி ஓட்டினோமான்னு இருக்கணும்."

எனக்கு அந்தப் பையன் பேச்சு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அவன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

ஒருநாள் அவனே இவனைத் தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டியாம், கண்ணாடிக் கதவாம். இவன் அதன் முன்னால் நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற பவர் சப்ளை என்ன கம்பெனி என்று கேட்டிருக்கிறான். விற்கிறவருக்குத் தெரியவில்லை. சரி, பக்கத்துத் தகட்டைக் கழற்றிக் காட்டுங்கள் என்றிருக்கிறான். கழற்றினால் சீல் போய்விடும், கியாரண்டி கிடையாது என்றிருக்கிறார்கள். இவன் திரும்பி வந்துவிட்டான். மோட்டார் ரூமைத் திறந்து காட்டாத கட்டடத்தில் லிஃப்டில் ஏறமாட்டான், படியேறித்தான் போவான். பிறகு இதை மட்டும் எப்படி வாங்குவான்? மச்சினன் கடையில் தலைகாட்ட முடியவில்லை என்று வந்து ஒருபாடு புலம்பிவிட்டுப் போனான்.

இப்படி எட்டு வாரம் ஓடியது. எட்டாவது வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மருமகள் படித்துக் காட்டினாள். அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்லவேண்டும். ஒன்று, பழையபடி டூல் பையை எடுத்துக்கொண்டு வேலைக்கு வரலாம். இல்லையென்றால் நாற்காலி. குளுகுளு அறையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை.

எனக்கு அந்த நாற்காலி மிகவும் பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம் இவன் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கையை விட்டுக்கொண்டிருந்தான், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேலாவது உட்காரட்டுமே.

கடிதம் வந்த பிறகாவது இந்தக் கம்ப்யூட்டர் பைத்தியம் தெளியும் என்று பார்த்தால், முற்றிவிட்டது. இப்போது நாமே பூட்டுவதுதான் என்று முடிவே செய்துவிட்டான். பதினாலு சின்னத் திருகு, ஊசிமுனை மாதிரி ஒயர், இதையெல்லாம் இந்தக் கையை வைத்துக்கொண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"சட்டைப் பட்டனைப் போடப் பொண்டாட்டி வரணும். இதுல நீ திருகு முடுக்கப் போறியா?"

சொன்னேன், சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் குளியலறைக்குள் போனவன் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது சட்டையின் ஆறு பட்டனும் போட்டிருந்தது. ஒன்று மாற்றித் துளையில் ஏறியிருந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அன்று பாத்திரம் கழுவும்போது மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், அளந்துதான் பேசுவாள்.

"அத்தை, அவர் அந்தப் பெட்டியைத் தன் கையால பூட்டி ஓடவச்சுட்டா டூல் பையை எடுக்கறதுன்னு மனசுக்குள்ள முடிச்சுப் போட்டு வச்சிருக்கார். ஓடலேன்னா நாற்காலி. என்கிட்ட நேத்துதான் சொன்னார். நீங்க ரெடிமேட் ரெடிமேட்னு சொல்லாதீங்க."

எதற்கும் எதற்கும் முடிச்சு பாருங்கள். லாரி விளையாட்டுக்கும் லிஃப்ட் வேலைக்கும் என்ன சம்பந்தம்? அவளிடமும் அப்படித்தான் கேட்டேன். அவள் தட்டைத் துடைத்தாள். சரி, இனிமேல் நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன், ரொம்பவே காப்பாற்றினேன். அதுதான் வினை.

பாகங்கள் வாங்கக் கிளம்பிய அன்று மருமகளுக்கு லீவு இல்லை. பை தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனான். மாடியில் இருக்கிற குறுகலான கடை. உள்ளே பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள், நடுவில் நெற்றியில் விளக்கு கட்டிய ஒரு பெண். இவன் காலண்டர் தாள்களை மேஜையில் பரப்பினான். அவள் ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை.

என்ன விளையாடப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். லாரி என்றான். வேறே? வேறே ஒன்றும் இல்லை என்றான். அப்படியென்றால் இவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு, இது போதும் என்று ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தாள். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்று இன்னொன்றை வைத்தாள். பிறகு மதர்போர்டு, பிறகு மற்றது. கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பதினோரு வாரம் என் உயிரை வாங்கிய சமாசாரம் கால்மணி நேரம். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, இவனை மேஜையோடு சேர்த்துக் கட்டிப்போடலாம் போலவும் இருந்தது.

யார் பூட்டப் போகிறார்கள் என்று கேட்டாள். இவன் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவள் குனிந்து பார்த்தாள். ஐயோ என்றெல்லாம் சொல்லவில்லை. நானே பூட்டித் தருகிறேன், சும்மாவே செய்கிறேன் என்றாள். இவன் வேண்டாம் என்றான். அவளும் வற்புறுத்தவில்லை, உட்காருங்கள் என்று சொல்லி ஒவ்வொன்றாக விளக்கினாள்.

முதலில் பிஸ்கட் அளவில் ஒரு சதுரத் தகடு, அது புராசஸர். அதைத் தள்ளவே கூடாது, சரியான மூலையில் வைத்தால் தானாக உட்காரும். இதைக் கேட்டதும் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். அவன் சொல்கிற பாடத்தை அவனுக்கே வேறொருத்தி சொன்னால் சந்தோஷம் வராதா? தலையாட்டு தலையாட்டு என்று ஆட்டினான். அடுத்து ரேம். சீப்பு மாதிரி இரண்டு துண்டு.

"இது மட்டும் தள்ளித்தான் ஆகணும், சார். கட்டைவிரலை வச்சு நல்லா அழுத்துங்க. உடையற மாதிரி இருக்கும், உடையாது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனைலயும் டக்குன்னு கேக்கணும். மொத்தம் நாலு டக்."

அவன் எழுதிக்கொண்டான். எனக்கு எழுத வராது, அதனால் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன். கடைச் சாமான் முப்பது சொன்னாலும் நான் சீட்டு இல்லாமல் வாங்கி வருகிறவள். நாலு டக். முடிந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வந்தது, மறுநாள் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டிய முதல் தேதி. காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, என் பழைய போர்வையை விரித்தான். கேட்காமலே எடுத்துக்கொண்டான். திருகுகளைப் பாட்டில் மூடிகளில் வகைவகையாகப் பிரித்து வைத்தான். பிறகு டூல் பையிலிருந்து ஒரு சிவப்புத் தகட்டை எடுத்துச் சுவர் சுவிட்சில் மாட்டினான். லிஃப்டைத் திறக்கும்போது மெயின் சுவிட்சில் மாட்டுகிற தகடு, 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று எழுதியிருக்கும். ஆறு மாதமாக அந்தப் பைக்குள்ளேயே கிடந்தது. வீட்டில் இருந்தது நானும் மருமகளும்தான், யார் போய்த் தொடப் போகிறோம்?

வேடிக்கை பார்க்க மச்சினன் வந்து சேர்ந்தான். கையைக் கட்டிக்கொண்டு மேஜையோரம் நின்றான். நான் துவைத்த துணிகளை மடியில் போட்டுக்கொண்டு மடிக்க உட்கார்ந்தேன்.

புராசஸர் தானாக உட்கார்ந்தது. அதற்கு மேல் சுலபமாக ஒன்றும் இல்லை. இடது கையால் திருகைப் பிடித்து, வலது கையின் மடங்காத விரல்களுக்கு இடையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி, முழங்கையால் திருப்பினான். ஒரே ஒரு திருகு பதினான்கு தடவை விழுந்தது. எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து எடுத்துக் கொடுக்கப் போனால், உட்காரும்மா என்றான். நானும் கொடுக்கவே இல்லை, அவனே மேஜைக்கு அடியில் போய்ப் பொறுக்கினான்.

ரேமை எடுத்தான். அந்த நேரம் பார்த்து மச்சினன், தன் கடையில் ஒரு வாடிக்கையாளர் வாஷிங் மெஷினுக்குள் பூனையை விட்டு மூடிய கதையை ஆரம்பித்தான். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். இவன் அழுத்தினான். டக். டக். அடுத்த துண்டு. டக். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இவன் விரல் நுனியால் தடவிப் பார்த்தான். உணர்ச்சி இல்லாத நுனி, அதற்கு என்ன தெரியும்? உட்கார்ந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டான். சத்தத்தை வைத்தே மோட்டாரின் வயிற்றுவலியைச் சொல்கிறவன், பூனைக் கதையில் ஒரு டக்கைக் கோட்டைவிட்டான்.

எனக்குத் தெரியும், மூன்றுதான் கேட்டது. கையிலிருந்த தலையணை உறையை அப்படியே மடித்து வைத்தேன். வாயைத் திறப்பதில்லை என்று சொல்லியிருக்கிறேனே என்று ஒரு சாக்கு. அது சாக்குதான். ஓடாவிட்டால் நாற்காலி. அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டி எல்லாம் பூட்டி முடித்தான். சிவப்புத் தகட்டைக் கழற்றினான். சுவிட்சைப் போட்டான். உள்ளே விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாக இருந்தது. ஒரு வரி எழுத்து வந்து போயிற்று, சிக்னல் இல்லை என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

ஒயரைக் கழற்றி மாட்டினான். இன்னொரு ஒயரை மாட்டினான். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மறுபடி பூட்டினான். அதற்கே ஒருமணி நேரம். ரேமையும் தொட்டுப் பார்த்தான், இருக்கிறது என்று கையை எடுத்துவிட்டான். மறுபடியும் கறுப்பு.

"ரெடிமேடா இருந்தா இந்நேரம் லாரி ஊரைத் தாண்டியிருக்கும், மாமா."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே தப்பாகப் பட்டிருக்கவேண்டும், தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

என் பிள்ளை கைகளைத் துடைத்துக்கொண்டான். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. கோபப்படவில்லை. செருப்புக் கடையில் நின்ற முகம்கூட அது இல்லை. அங்கே இரண்டு ஜோடி இருந்தது, இங்கே ஒன்றுமே இல்லை.

"சரி, பதில் தெரிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான் சொன்னான். போனை எடுத்து, இடது கட்டைவிரலால் மேனேஜருக்கு எழுத ஆரம்பித்தான். இவனுக்கு ஒரு முடிவெடுக்க நாள்கணக்கு ஆகும். இதை மட்டும் நிறுத்தாமல் எழுதினான். மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் ஆசைப்பட்ட நாற்காலி வந்துகொண்டிருந்தது. என்னால்தான் உட்கார முடியவில்லை.

"டேய், மூணுதான் கேட்டுது."

"என்ன மூணு?"

"டக்கு. நாலு கேக்கணும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே. மூணுதான் கேட்டுது. நான் எண்ணினேன்."

அவன் போனிலிருந்து கண்ணை எடுத்தான்.

"எப்போ எண்ணினே?"

"காலைல. நீ அந்தச் சீப்பைச் சொருகினப்போ."

"காலைலயே தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லலை."

"ஏம்மா?"

"நாற்காலில உக்காரட்டும்னுதான். வேற எதுக்கு?"

தண்ணீர் சத்தம் நின்றது. மருமகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே சொல்லவேண்டாம். என் பிள்ளை எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தான். சிவப்புத் தகட்டை மறுபடி மாட்டினான். அவ்வளவு கோபத்திலும் அதை மறக்கவில்லை.

பெட்டியைப் படுக்கப்போட்டு, இரண்டாவது சீப்பின்மேல் கட்டைவிரலை வைத்தான். அழுத்தினான். நகரவில்லை. கையை எடுத்துவிட்டான்.

"வரமாட்டேங்குதும்மா. தள்ளினா உடைஞ்சுடும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையிலும் இவன் இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறான். ஐந்தாவது மாடியில், அந்தக் கதவுக்கு முன்னால். புராசஸரைப் பற்றி அவள் சொன்னது இவன் மனசில் இறங்கியது, ரேமைப் பற்றிச் சொன்னது தாளில் மட்டும் இறங்கியது.

"அந்தப் பொண்ணு தள்ளத்தானேடா சொன்னா? உடையற மாதிரி இருக்கும், உடையாதுன்னா. நீ எழுதிக்கிட்டே, நான் கேட்டுக்கிட்டேன். தள்ளு."

"விரல் போனா?"

"அதுல விரல் போறதுக்கு என்னடா இருக்கு? சீப்பு. தள்ளித் தொலை."

மச்சினன் சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றான், வாயைத் திறக்காமல். அதுவே அன்றைய அதிசயம். என் பிள்ளை இடது கையைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றினான். வலது கட்டைவிரலோடு, மடங்காத அந்த இரண்டு விரல்களையும் சேர்த்து வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான். அடியில் மதர்போர்டு கொஞ்சம் வளைந்தது.

டக்.

பெரிய சத்தமாக ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

தகட்டைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டான். திரையில் எழுத்து வந்தது, வரிவரியாக வந்துகொண்டே இருந்தது. என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. மருமகள் ஈரக்கையோடு வந்து அவன் தோளில் கையை வைத்ததால் நல்ல எழுத்து என்று தெரிந்துகொண்டேன்.

மேனேஜருக்குப் பாதி எழுதி வைத்ததை அழித்தான். புதிதாக எழுதியதை எனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தான். நாளை பையோடு வருகிறேன், கனமான கதவுக்கு மட்டும் கூட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். படித்து முடித்து என்னைப் பார்த்தான். உன் இஷ்டம் என்றேன். எனக்கு இஷ்டம் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். இன்றைக்கும் இல்லை. வேலைக்குப் போன இடத்திலிருந்து மத்தியானம் ஒரு போன் வரவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிஷம் தாமதமானால் வீட்டுக்கு வந்ததும் பாட்டு வாங்குவான். போனில் அவன் ஹலோ சொல்வதில்லை. டக் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். அம்மாவைக் கேலி பண்ணுகிறானாம்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி ஓட்டுகிறான், மச்சினனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறான். தாத்தா படத்தைப் பழைய இடத்தில் மாட்டச் சொன்னேன். மாட்டினான். அடுத்த வாரமே படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு காலண்டர் தாள் ஏறியிருந்தது. இது என்னடா என்றேன். விளையாடும்போது உட்கார நல்லதாக ஒன்று வாங்கவேண்டுமாம். முதுகு சாய்கிற மாதிரியா, கழுத்துக்கு மெத்தை வைத்த மாதிரியா, சக்கரம் உள்ளதா இல்லாததா, கடையில் பூட்டியதா, நாமே பூட்டிக்கொள்வதா என்று கட்டம் கட்டியிருக்கிறான்.

ஆமாம், நாற்காலி. ஒன்பது வாரம் ஆகிறது. அதுவரைக்கும் உட்கார என் சமையலறை ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் நின்றுகொண்டே காய் நறுக்குகிறேன்.